ஓங்கில் ஆன கொள்ளையர்: படத்தில் தண்டனை எங்கே?

பாம்பன் மீனவன்:
ஓங்கில், அதான் டால்பின், வலையில சிக்கினா அப்பா வலையை அறுத்தாவது விட்டுருவார். அப்படி வளர்ந்தவன் நான். கிரேக்க ஓவியர் எக்சீக்கியாஸ், கி.மு. 530 வாக்கில் தீட்டிய கிண்ணத்தின் படம் பார்த்தேன். கிரேக்கரோட மது சாமி தியோனைசஸ் படகில் சாய்ஞ்சிருக்கார், பாய்மரத்துல திராட்சைக்கொடி, சுத்தி ஏழு ஓங்கில். சாமியைக் கட்டிப்போடப் பார்த்த கொள்ளையருக்குத் தண்டனையாம். கோபமே தெரியலையே?

மண்டபத்து அக்கா:
தம்பி, அந்த ஏழும்தான் கொள்ளையர். பயந்து கடல்ல குதிச்சு உருமாறிட்டாங்க. 'இவர் சாமி, விடுங்க'ன்னு தடுத்த சுக்கானி மட்டும் தப்பிச்சார்.

தொண்டிக்காரர்:
கோபம் வேணும்னா ஏதென்ஸ் லைசிக்ரடீஸ் நினைவுச்சின்னம் பாருங்க, கி.மு. 334. அதுல செதுக்கியிருக்கிற கொள்ளையருக்குத் தலை ஓங்கில், கால் மனுசக்கால், அப்படியே கடலுக்குள்ள பாயுறாங்க.

பாம்பன் மீனவன்:
பார்த்தேன் அண்ணே, கால் நடுங்குது. ஆனா எனக்குக் கிண்ணம்தான் பெருசு. படகுல மனுசனே இல்லை, அக்கா.