காட்டு ஏலக்கா பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? உங்க அனுபவத்த சொல்லுங்க

எங்க ஊரு போடி. அம்மா இருபது வருசத்துக்கு மேல ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போய்ட்டு வந்தவங்க, இருட்டோட கெளம்பி போடிமெட்டு ஏறி கேரளா பக்கம் எறங்கி காய் எடுத்துட்டு பொழுது சாய வீடு வருவாங்க, சேலை தலைத்துண்டு தூக்குவாளின்னு எல்லாத்துலயும் அந்த வாசம் இருக்கும். அதனால ஏலக்கா வாசம்னா எனக்கு அத்துப்படின்னுதான் நெனச்சிட்டு இருந்தேன்.

போன வருசம் மழை ஓஞ்ச நேரம் மூணாறு பக்கம் முதுவர் பழங்குடி மக்களோட குடியிருப்பு ஒண்ணுக்குப் போயிருந்தேன், அம்மாவுக்குப் பழக்கமான அண்ணன் ஒருத்தர் சோலைக்குள்ள கூட்டிட்டுப் போனாரு. "இந்தா நிக்குது பாரு"ன்னாரு. தட்டை என் தலைக்கு மேல உசந்து நிக்குது, நான் அண்ணாந்து காயத் தேடுறேன், அவரு குனிஞ்சு சருக விலக்குறாரு. சரம் பூரா தூர்லருந்து கெளம்பி தரையோட தரையா ஓடிக் கெடக்கு! ரெண்டு பூ இருந்துச்சு, வெள்ளை இதழ்ல கத்திரிப்பூ கலர்ல கோடு கோடா. காய் சுண்டுவிரல் நகம் அளவுதான். தோல உரிச்சா உள்ள கருத்த விதை, மேல வழவழன்னு லேசா இனிப்பு. அத நசுக்குனதும் மொதல்ல நீலகிரித் தைலம் மாதிரி சுள்ளுன்னு மூக்குல ஏறுது, அப்பறம்தான் ஏலக்கா வாசமே வருது. அட்டை கடிச்சு ரத்தம் வந்தது கூட எனக்குத் தெரியல.

இப்ப தோட்டத்துல பெரும்பாலும் ஞள்ளானி, இடுக்கி விவசாயி ஒருத்தர் தேர்ந்தெடுத்து வளத்த ரகம், காய் பெருசு. 8 மில்லிமீட்டர் பருமன் காய்க்கு ஒரு வெல, சின்னதுக்கு ஒரு வெல. பச்சை கொறஞ்சா அதுக்கும் வெல கொறையும். ஆனா வாசம் தர்ற எண்ணெய் இருக்குறது விதைல, தோல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரிதான். அளவையும் கலரையும் பாத்து வெல போடுறாங்க, வாசத்துக்குன்னு ஒரு வெல இல்லயேன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம்.

*

அண்ணே, நீங்க சொன்ன தைல வாசம் உண்மைதான். நான் இடுக்கில எண்ணெய் வடிக்கிற எடத்துல ரெண்டு சீசன் வேல பாத்தேன். வாய் பொளந்த காய், வெளுத்த காய் எல்லாம் அங்கதான் வரும். தோல நீக்கி விதைய ஒண்ணும் பாதியுமா ஒடச்சு ஒடனே பாத்திரத்துல ஏத்தி நீராவி விடணும், லேட் பண்ணா வாசம் பறந்துரும். ஆவி குளுந்து வர்றப்ப தண்ணிக்கு மேல எண்ணெய் மெதக்கும். 100 கிலோ விதைக்கு 6, 7 கிலோ கெடச்சா நல்ல சரக்கு. இதுல ஒண்ணு கவனிச்சேன், மொதல்ல வர்ற எண்ணெய் நீங்க சொன்ன மாதிரி சுள்ளுன்னு இருக்கும், அது சினியோல், தைல மரத்து எண்ணெய்லயும் அதுதான் அதிகம். நேரம் ஆக ஆகத்தான் இனிப்பு வாசம் வரும், அது டெர்பினைல் அசிடேட். பாதில அடுப்ப நிறுத்துனா அந்த இனிப்பு கெடைக்காது. மலபார் ரகத்துல சினியோல் தூக்கலா இருக்கும், மைசூர் ரகத்துல இனிப்பு தூக்கலா இருக்கும். சரம் தரையில ஓடுறது மலபார் ரகத்தோட கொணம், நீங்க பாத்ததும் அந்த வழிதான்.

*

நான் சென்னை. ஏலக்கா எண்ணெய்னு ஆன்லைன்ல ஒரு பாட்டில் வாங்கி ஏமாந்துட்டேன்ங்க. ஒரு சொட்டு வெள்ளைப் பேப்பர்ல விட்டு வச்சேன், மறுநாள் பாத்தா வாசம் போயிருச்சு, ஆனா வடை வச்ச பேப்பர் மாதிரி கறை அப்டியே இருக்கு. ஏதோ சமையல் எண்ணெய் கலந்திருக்காங்கன்னு புரிஞ்சுது. அதுலருந்து பாயசத்துக்கு விதையத்தான் தட்டிப் போடுறேன், எறக்குறப்ப போட்டா போதும், முன்னாடியே போட்டா வாசம் பூரா ஆவியோட போயிருது. அண்ணா, ஒரு சந்தேகம், அந்தக் காட்டுச் செடிய வீட்ல வளக்க முடியுமா? அம்மாவுக்குக் காய் கொண்டு போனீங்களா?

*

செடிய புடுங்கிட்டு வரலம்மா, அது காட்டோடது. போடி வெயில்ல நிக்கவும் நிக்காது, அதுக்கு மலை ஈரமும் மர நெழலும் வேணும்.

காய் மட்டும் அந்த அண்ணனே நாலு எடுத்துக் குடுத்தாரு, துண்டு முனையில முடிஞ்சு கொண்டாந்தேன். எதுவும் சொல்லாம அம்மா கையில வச்சேன். நகத்தால கீறி மோந்து பாத்துட்டு, "இது தோட்டத்துக் காய் இல்லயே, எந்தக் காட்டுக்குப் போன?"ன்னாங்க.