பட்டறைக்கு வெந்நீர்: இன்ஸ்டன்ட் ஹீட்டரைப் பெரிதாக்குவதா, சின்னத் தொட்டி கீசர் போதுமா?

மரத்தூள்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் மரவேலை செய்கிறேன். இடையிடையே சைக்கிள், சின்ன எஞ்சின் ரிப்பேரும் உண்டு. கிரீஸ் படிந்த கையைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் எவ்வளவு சோப்பு போட்டாலும் போவதில்லை. அதற்காகக் கை கழுவும் தொட்டிக்கு மேலே 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் ஒன்றை மாட்டினேன். இரண்டு பிரச்சினை.

ஒன்று, குழாயை முழுதாகத் திறந்தால் தண்ணீர் வெதுவெதுப்புக்கூட இல்லை. நூல் மாதிரி விட்டால் மட்டும் சூடு வருகிறது. இரண்டு, ஹீட்டர் ஓடும்போது கம்ப்ரசர் கிளம்பினால் அந்த நொடியே பிரேக்கர் விழுந்துவிடுகிறது. கம்ப்ரசர் 2 குதிரைத்திறன். இரண்டுக்கும் ஒரே 20 ஆம்ப் பிரேக்கர், பி வகை. வீட்டிலிருந்து 25 மீட்டருக்கு 2.5 சதுர மிமீ செம்பு ஒயர் வருகிறது. 230 வோல்ட்.

தேவை: ஒரு நாளைக்கு ஆறேழு முறை கை கழுவ, பிரஷ் அலச, வஜ்ஜிரம் (மரம் ஒட்டும் விலங்குப் பசை) காய்ச்ச. குளிர்காலத்தில் தண்ணீர் 12 டிகிரியில்தான் வரும். இன்னும் பெரிய இன்ஸ்டன்ட் ஹீட்டர் வாங்கலாமா? வீட்டு கீசரிலிருந்தே குழாய் இழுக்கலாமா? நண்பர் ஒருவர் தன்னிடமுள்ள பழைய 15 லிட்டர் கீசரைச் சும்மா தருகிறேன் என்கிறார், அதை வாங்கிக்கொள்ளலாமா?

ஓம்விதி:
முதலில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு லிட்டர் பாட்டிலைக் குழாயடியில் பிடித்து, முழுதாகத் திறந்து, எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள்.

மரத்தூள்:
பார்த்தேன். 12 நொடி.

ஓம்விதி:
அப்படியானால் நிமிடத்துக்கு 5 லிட்டர். உங்கள் ஹீட்டரில் கோளாறு எதுவும் இல்லை, கணக்குதான் இடிக்கிறது. ஒரு கிலோவாட், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீரை 14 டிகிரி ஏற்றும், அவ்வளவுதான். 3 கிலோவாட்டுக்கு 43 டிகிரி. அதை 5 லிட்டருக்குப் பங்கு போட்டால் 9 டிகிரிகூட வராது. 12 டிகிரியில் வந்த தண்ணீர் 21-ல் வெளியே போகிறது. ஒன்றரை லிட்டராகக் குறைத்தால் 40 டிகிரி கிடைக்கும். நீங்கள் சொன்ன "நூல் மாதிரி" அதுதான்.

குழாயை முழுதாகத் திறந்தும் 40 டிகிரி வேண்டுமென்றால் ஏறக்குறைய 10 கிலோவாட் ஹீட்டர் வேண்டும். அது 43 ஆம்ப் இழுக்கும். உங்கள் 2.5 ஒயர் அதைத் தாங்காது. அதனால் பெரிய இன்ஸ்டன்ட் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

பிரேக்கர் விஷயம்: கம்ப்ரசர் ஓடும்போது 9 ஆம்ப்தான். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 54 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஹீட்டரின் 13-ஐச் சேர்த்தால் 67. பி வகை 20 ஆம்ப் பிரேக்கர் 60-ஐத் தாண்டினாலே உடனே விழலாம். கம்ப்ரசர் கிளம்பும்போது விளக்கு மங்குகிறதா?

மரத்தூள்:
ஆமாம், ஒரு முறை கண் சிமிட்டியதுபோல் மங்கி வருகிறது.

ஓம்விதி:
25 மீட்டர் போக, 25 மீட்டர் வர, 50 மீட்டர் ஒயரின் மின்தடை 0.37 ஓம். அதில் 54 ஆம்ப் பாய்ந்தால் 20 வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கொட்டகைக்குத் தனி பிரேக்கர் பெட்டி வைத்து, ஹீட்டருக்கும் கம்ப்ரசருக்கும் தனித்தனி சர்க்யூட் போடச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து வரும் ஒயரையும் தடிமனாக மாற்றச் சொல்லுங்கள். எர்த்தும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். ஈரக் கையோடு நிற்கிற இடம் அது.

குழாய்ப்பணி:
வீட்டு கீசரிலிருந்து இழுக்கும் யோசனைக்கு நான் பதில் சொல்கிறேன். உட்புற விட்டம் 15 மிமீ உள்ள குழாயில் மீட்டருக்கு 0.18 லிட்டர் தண்ணீர் நிற்கும். 25 மீட்டரில் நாலரை லிட்டர். கை கழுவ இரண்டு லிட்டர் போதும். வெந்நீர் பாதி வழி வருவதற்குள் நீங்கள் கழுவி முடித்துவிடுவீர்கள், குழாயில் நின்ற சூடு அங்கேயே ஆறிப்போகும். ஒவ்வொரு முறையும் இதே கதைதான். வேண்டாம்.

உங்கள் தேவைக்கு 10 லிட்டர், 2 கிலோவாட் தொட்டி கீசர் போதும். 12 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற 17 நிமிடம் ஆகும். அந்தத் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் சுமார் 17 லிட்டர் தேறும். புதுத் தண்ணீர் உள்ளே வந்து கலப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். அப்படியும் ஏழு பேர் வரிசையில் நின்று கை கழுவலாம்.

தெர்மோஸ்டாட்டை 40-ல் வைத்துச் சிக்கனம் பார்க்காதீர்கள். 20 முதல் 45 டிகிரி வரை தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். தொட்டியில் 60 இருக்கட்டும், குழாய்க்கு முன்னால் கலவை வால்வு வைத்து 40 ஆக்குங்கள். 60 டிகிரி தண்ணீர் சில நொடியில் தோலைப் புண்ணாக்கிவிடும், குழந்தைகள் வந்து போகும் இடமென்றால் இன்னும் கவனம்.

வாங்கும்போது இன்னொன்று. சில சின்ன கீசர்கள் திறந்த வகை, அழுத்தம் தாங்காது. அதற்கென்றே உள்ள குழாயைத்தான் பொருத்த வேண்டும். சாதாரணக் குழாயைப் போட்டு மூடினால் தொட்டி பிளந்துவிடும்.

புதுக்கை:
கேஸ் ஹீட்டர் வைத்தால் ஒயர் தொல்லையே இல்லையே?

குழாய்ப்பணி:
மரத்தூளும் தின்னரும் பெட்ரோலும் இருக்கும் கொட்டகையில் எரியும் சுடரா? கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து சுடரைத் தேடிப் போகும். கதவைச் சாத்தி வேலை செய்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும், அதற்கு வாசனையே கிடையாது.

பழையபட்டறை:
வஜ்ஜிரம் பற்றி ஒரு வார்த்தை. அதற்குக் கீசர் தண்ணீரை நம்பாதீர்கள். தண்ணீர்ச் சட்டிக்குள் பசைப் பாத்திரத்தை வைத்து, தெர்மாமீட்டர் போட்டு, 60 டிகிரியில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போகப் போகப் பசையின் பிடிப்பு குறையும், 70-ஐத் தாண்டவே விடாதீர்கள். கீசர் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி ஆரம்பித்தால் காய்ச்சும் நேரம் மிச்சம், அவ்வளவுதான்.

மரத்தூள்:
எல்லாருக்கும் நன்றி. நேற்றே நண்பரின் 15 லிட்டர் கீசரை மாட்டிவிட்டேன். நன்றாகச் சூடாகிறது. ஆனால் சூடேறும்போது பக்கத்தில் உள்ள சேஃப்டி வால்விலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே மரப்பலகை அடுக்கியிருக்கிறேன், நனைகிறதே என்று வால்வின் வாயில் ஒரு பிளக்கைத் திருகி அடைத்துவிட்டேன். இப்போது சொட்டு இல்லை. சரிதானே?

குழாய்ப்பணி:
தம்பி, இதைப் படித்ததும் முதலில் போய் மின்சாரத்தை நிறுத்துங்கள். மெயினில் நிறுத்துங்கள். தண்ணீர் முழுதாக ஆறும்வரை பிளக்கில் கை வைக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

மரத்தூள்:
நிறுத்திவிட்டேன் அண்ணா.

குழாய்ப்பணி:
நல்லது. 15 லிட்டர் தண்ணீர் 12-லிருந்து 60-க்கு ஏறும்போது கால் லிட்டர் அளவுக்கு விரியும். உள்ளே வரும் வழியில் தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு இருப்பதால் அந்தக் கால் லிட்டருக்குப் போக்கிடம் அந்தச் சேஃப்டி வால்வு ஒன்றுதான். சூடேறும்போது சொட்டுவது அதன் வேலை, ரிப்பேர் இல்லை. நீங்கள் அந்த வாயை அடைத்துவிட்டீர்கள். கட்-அவுட்டும் (சூடு மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்தும் ஸ்விட்ச்) கைவிட்டு, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நிற்காமல் சூடேறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தில் திரவமாகவே இருக்கும். தொட்டி பிளக்கும் கணத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். கொட்டகைச் சுவர் அதற்கு முன் நிற்காது.

ஆறிய பிறகு உள்வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, பிளக்கைக் கழற்றுங்கள். வால்வு வாயிலிருந்து ஒரு குழாயைச் சரிவாகக் கீழே இறக்கி வெளியே விடுங்கள். அதன் நுனி திறந்தே இருக்க வேண்டும், நடுவில் எந்த வால்வும் கூடாது. ஆறிய தண்ணீரிலும் சொட்டினால்தான் வால்வில் தூசியோ, வரும் அழுத்தம் அதிகமோ என்று பார்க்க வேண்டும்.

அப்படியே தொட்டியையும் காலி செய்து, ஆனோடு கம்பியை (தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியக் கம்பி) கழற்றிப் பாருங்கள்.

மரத்தூள்:
காலி செய்தேன். முதல் இரண்டு குவளை தேநீர் நிறத்தில் வந்தது, அப்புறம் செதில் செதிலாகத் துரு. ஆனோடில் மெக்னீசியம் என்று எதுவுமே இல்லை, நடுவில் உள்ள இரும்புக் கம்பி மட்டும் மெலிந்து நிற்கிறது.

குழாய்ப்பணி:
மெக்னீசியம் தன்னைக் கரைத்துக்கொண்டுதான் தொட்டியைக் காப்பாற்றும். அது தீர்ந்து நாளாகிவிட்டது, இப்போது தொட்டியே கரைகிறது. புது ஆனோடு போட்டாலும் அரித்த இரும்பு திரும்ப வராது. இதைக் கழித்துவிட்டுப் புதிதாக 10 லிட்டர் வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஆனோடைப் பாருங்கள், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம்.

மரத்தூள்:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புது 10 லிட்டர் கீசர் மாட்டியாகிவிட்டது, 2 கிலோவாட். எலக்ட்ரீஷியன் வந்து 6 சதுர மிமீ ஒயர் இழுத்து, கம்ப்ரசருக்குத் தனி சர்க்யூட் போட்டார். இரண்டும் ஒன்றாக ஓடினாலும் பிரேக்கர் விழவில்லை, விளக்கும் பெரிதாக மங்குவதில்லை. கலவை வால்வுக்குப் பின் தெர்மாமீட்டரில் 41. சேஃப்டி வால்வுக் குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டு அடியில் ஒரு டப்பா வைத்தேன். காலையில் சூடேறி முடிந்ததும் பார்த்தால் அதில் ஒரு சின்னத் தம்ளர் அளவு தண்ணீர்.

குழாய்ப்பணி:
10 லிட்டருக்கு அந்த அளவுதான் வர வேண்டும். என்றைக்காவது டப்பா காய்ந்தே கிடந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வால்வின் நெம்பை ஒரு முறை தூக்கிப் பாருங்கள், உப்பு பிடித்து ஒட்டியிருக்கலாம்.