பார்சிலோனா, பொப்ளே செக் பகுதியில் எங்கே சாப்பிடலாம்?

கேள்வி: ஊர்சுற்றி
பரலெல் மெட்ரோ பக்கம் நான்கு நாள் தங்குகிறோம். நான்கு பேர். இருவர் கறி, மீன் தொடமாட்டார்கள். முட்டை, பால் பரவாயில்லை. தங்குமிடத்தைச் சுற்றியே இரண்டு வேளையும் முடித்துக்கொள்ள முடியுமா? பிளாய் தெரு ஒன்றே போதும் என்கிறார்களே?

பதில்: அடுப்படி
பிளாய் இரவுக்குத்தான். வயிறு நிறைய மதியமே சாப்பிட்டுவிடுங்கள். வார நாட்களில் 1 மணியிலிருந்து 4 மணிக்குள் ‘மெனு டெல் தியா’ என்று பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, ரொட்டி, ஒரு பானம், இனிப்பு அல்லது காபி, எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 13–18 யூரோ. 1.30க்கே உட்கார்ந்துவிடுங்கள், 3 மணிக்கு மேல் நல்ல அயிட்டம் தீர்ந்திருக்கும். 4 மணிக்கு அடுப்பை அணைத்தால் இரவு 8 அல்லது 8.30 வரை பல கடைகளில் சமையலே கிடையாது. அந்த நேரத்தில் பசியோடு அலைந்தால் டூரிஸ்ட் கடையில்தான் போய் மாட்டுவீர்கள்.

தண்ணீர் கேட்டால் பாட்டில் வரும், அதற்குத் தனிக்காசு. குழாய்த் தண்ணீர் என்று கேளுங்கள். 2022 சட்டப்படி இலவசமாகத் தர வேண்டும்.

பதில்: குச்சிக்கணக்கு
பிளாயில் கிடைப்பது பிஞ்சோ: சின்ன ரொட்டித் துண்டு, மேலே ஏதாவது ஒன்று, நடுவில் பல்குச்சி. நீங்களே தட்டில் எடுத்துக்கொள்ள வேண்டும். குச்சியைத் தூக்கிப் போடாதீர்கள், கடைசியில் அதை எண்ணித்தான் பில். ஒன்று சுமார் 2 யூரோ. விலை கூடியதற்கு வேறு மாதிரிக் குச்சி செருகியிருப்பார்கள். கண்ணாடிக்குள் நேரமாகக் கிடந்ததை எடுத்தால் அடி ரொட்டி நமத்து, மேற்பக்கம் வறண்டிருக்கும். உள்ளேயிருந்து சூடாகத் தட்டு வரும்வரை பொறுத்து எடுங்கள். ஒரே கடையில் வயிற்றை நிரப்பாமல் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குவதுதான் அங்கே வழக்கம்.

அசைவக்காரர்கள் புவேத்தா கபான்யெஸ் தெருவில் ‘கிமெட் இ கிமெட்’டைத் தவறவிடாதீர்கள். 1914இல் தொடங்கிய கடை. நாற்காலி கிடையாது, நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். சுவர் முழுக்கப் புட்டிகள். புகையிட்ட சால்மன், தயிர், டிரஃபிள் காளான் மணமூட்டிய தேன் மூன்றும் சேர்ந்த மொன்டாடிட்டோவை (சின்ன ரொட்டி மேல் அடுக்கித் தருவது) கேளுங்கள். திறந்ததும் போய்விடுங்கள், அரை மணியில் உள்ளே கால் வைக்க இடமிருக்காது.

பதில்: கீரைக்கட்டு
அந்த இருவருக்கும் ஒரு எச்சரிக்கை. ‘கறி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பன்றித் தொடைக்கறியைத் துணுக்காகத் தூவுவதைப் பலர் கறிக்கணக்கில் சேர்ப்பதில்லை. ‘சென்ஸெ கார்ன், சென்ஸெ பெர்னில், சென்ஸெ பெய்ஷ்’ (கட்டலான் மொழியில் கறி இல்லாமல், தொடைக்கறி இல்லாமல், மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். எஸ்கலிவாதா (சுட்ட கத்தரிக்காய், சிவப்புக் குடைமிளகாய், வெங்காயம், மேலே ஆலிவ் எண்ணெய்) அருமையாக இருக்கும். ஆனால் மேலே நெத்திலி வைத்துவிடுவார்கள், வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திராட்சை, பைன் கொட்டை போட்ட கீரையிலும் தொடைக்கறி இருக்கலாம். பருப்புக் குழம்பில் சொரிசோ (பன்றித் தொத்திறைச்சி), சாலட்டில் சூரை மீன். வியாழன் மதிய மெனுவில் பாயெல்லா வந்தால் அவர்கள் தொட வேண்டாம், அரிசி பெரும்பாலும் மீன் சாற்றிலேயே வெந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம் என்றால் தக்காளி தேய்த்த ரொட்டியும் உருளைக்கிழங்கு ஆம்லெட்டும்தான். பாதாம் போன்ற கொட்டைகளுக்கு ஒவ்வாமை இருந்தால் ரொமெஸ்கோ சாஸ் வேண்டாம், அதில் பாதாமும் ஹேசல்நட்டும் அரைபடுகிறது.

ஊர்சுற்றி
நன்றி! ஞாயிறு மதியம் என்ன செய்வது?

பதில்: அடுப்படி
ஞாயிறு அந்த மலிவு மெனு பல இடங்களில் இருக்காது, இருந்தாலும் விலை கூடும். பரலெல் சாலையைக் கடந்து சாந்த் அந்தோனி பக்கம், பர்லமென்ட் தெருவுக்குப் போங்கள். 12 மணிக்கு மேல் வெர்முத் (மூலிகை சேர்த்த ஒயின்), ஆலிவ், சிப்ஸோடு தெருவே நிரம்பியிருக்கும். சாப்பாட்டு மேசையை மட்டும் 2 மணிக்கு என்று முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். நான்கு பேருக்கு நேரில் போய்க் கேட்டால் கிடைக்காது.