பென்யமீன் என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி – பாளையங்கோட்டை மருமகள்
அடுத்த மாதம் எனக்குப் பேறுகாலம். ஆண் பிள்ளை பிறந்தால் தன் தாத்தாவின் பெயரான பென்யமீனை வைக்க வேண்டும் என்பது கணவரின் ஆசை. அத்தைக்கு மனம் ஒப்பவில்லை. “ராகேல் உயிரைக் கொடுத்துப் பெற்ற பிள்ளையின் பெயர் அது, தலைப்பிள்ளைக்கு வேண்டாம்” என்கிறார். இரண்டு நாட்களாக எனக்கும் தூக்கம் இல்லை. அந்தப் பெயருக்குத் துயரம் என்றா பொருள்?

பதில் – எபிரேயம் படித்தவன்
இல்லை, சகோதரி. துயரத்தின் பெயர் வேறு. வேதாகமத்தில் ஆதியாகமம் 35ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில், உயிர் பிரிகிற நேரத்தில், ராகேல் வைத்த பெயர் பெனோனி: ‘என் துக்கத்தின் மகன்’. அவள் கணவன் யாக்கோபு அந்தப் பெயரைப் பிள்ளையின் தலையில் சுமத்தவில்லை. பென்யமீன் என்று மாற்றிவிட்டான். ‘பென்’ என்றால் மகன், ‘யமீன்’ என்றால் வலக்கை. எபிரேயருக்கு வலப்பக்கம் பலத்துக்கும் மதிப்புக்கும் உரிய இடம். ஆசை மனைவியைப் புதைக்கப் போகிற ஒருவன் பிள்ளைக்கு இப்படிப் பெயரிட்டான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

‘யமீன்’ தெற்கையும் குறிக்கும். கிழக்கே பார்த்து நின்றால் வலக்கைப் பக்கம் தெற்குதானே! வடமொழியின் ‘தட்சிணம்’ என்ற சொல்லுக்கும் இதே இரு பொருள்கள் உண்டு. யாக்கோபின் மற்ற 11 மகன்களும் வடக்கே பதான் அராமில் பிறந்தவர்கள். தெற்கே கானானில் பிறந்தவன் இவன் ஒருவனே. ஆகவே ‘தென்திசை மகன்’ என்றும் கொள்ளலாம்.

பதில் – மாரி ஆர்வலர்
ஐப்பிராத்து நதிக்கரையில் இருந்த மாரி நகரின் களிமண் பலகைகளிலும், கி.மு. 18ஆம் நூற்றாண்டிலேயே, ‘தெற்கின் மக்கள்’ என்று பொருள்படும் பெயருடைய நாடோடிக் குடிகள் வருகிறார்கள். அவர்களே பென்யமீன் கோத்திரத்தார் என்று சொல்ல மாட்டேன். பெயரின் அமைப்பு அவ்வளவு பழையது.

பதில் – எபிரேயம் படித்தவன்
ஒன்றை விட்டுவிட்டேன். வலக்கையின் பெயரைத் தாங்கிய அந்தக் கோத்திரம் இடக்கைக்காரர்களுக்குப் பேர்போனது! நியாயாதிபதிகள் 20:16 வசனத்தில் 700 பேர். மயிரிழையும் தப்பாமல் கவண்கல் எறிவார்கள். மோவாப் அரசனைக் குத்திய ஏகூத்தும் அந்தக் கோத்திரத்து இடக்கையன்தான்.

கேட்டவர்
நன்றி, ஐயா. நேற்று இரவு அத்தைக்கு அந்த வசனங்களை வாசித்துக் காட்டினேன். பெனோனி என்ற இடத்தில் மறுபடி வாசிக்கச் சொன்னார். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “மாமாவும் இடக்கையால்தான் எழுதுவார்” என்றார்.