ஒரே கடற்பாசிக்கு இரண்டு உருவமா?

நுரை:
உலர்த்தித் தாளில் ஒட்டிய இரண்டு பழுப்புக் கடற்பாசி மாதிரிகளைப் பார்த்தேன். இரண்டிலும் நெரியோசிஸ்டிஸ் லூட்கியானா என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் ஒன்று ரிப்பன் போல ஒல்லி, தட்டை. மற்றது நல்ல அகலம், ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கிறது. பெயர் மாறிப்போச்சா, இல்லை வயது வித்தியாசமா?

அலைமேடு:
பெயர் சரிதான், நீரோட்டம்தான் காரணம். ஓட்டம் வேகமான இடத்தில் இந்தக் கெல்ப்பின் (பெரிய பழுப்புக் கடற்பாசி) இலை போன்ற தகடுகள் ஒல்லியாக வளரும், அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகிவிடுவதால் தண்ணீர் பிடித்து இழுப்பது குறையும், பிய்ந்துபோகாது. அமைதியான நீரில் அப்படிக் கற்றையாகக் கிடந்தால் ஒன்றின் நிழலில் மற்றொன்று வாடும். நெளிந்த தகடு மெல்லிய ஓட்டத்திலும் படபடத்து விரிந்து நிற்பதால் எல்லாவற்றுக்கும் வெளிச்சம் கிடைக்கும். இடம் மாற்றி வைத்தும் பார்த்திருக்கிறார்கள், புது வளர்ச்சி புது இடத்துக்கு ஏற்றபடி மாறுகிறது.

நுரை:
சரி, ஓட்டம் வேகம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பாறைநண்டு:
இழுபடுவதுதான் செய்தி. தகட்டில் எடையைக் கட்டித் தொங்கவிட்டாலே போதும், தட்டையாக வளர ஆரம்பிக்கிறது. இழுப்பு இல்லாதபோது நடுப்பகுதியைவிட ஓரம் அதிகமாக நீள்கிறது, நீண்ட ஓரத்துக்கு இடம் போதாமல் மடிந்து நெளிகிறது. ஒரு பிளாஸ்டிக் பையை மெதுவாக இழுத்துக் கிழித்துப் பாருங்கள், கிழிந்த ஓரம் அலை அலையாகச் சுருண்டு நிற்கும், அதே கணக்குதான்.

உருவத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் ஏமாறலாம் என்பதற்கு மேக்ரோசிஸ்டிஸ் என்ற இன்னொரு கெல்ப்பைச் சொல்வேன். தகட்டையும் பாறையைப் பற்றும் அடிப்பகுதியையும் பார்த்து நான்கு இனம் என்று பிரித்திருந்தார்கள். 2009-10 வாக்கில் எல்லாம் ஒரே இனம் என்று சேர்த்துவிட்டார்கள்.

அலைமேடு:
எதிர்ப்பக்கமும் உண்டு, அதையும் மறக்க வேண்டாம். பால்டிக் கடலில் உப்பு குறைவதால் ஃபியூகஸ் வெசிகுலோசஸ் என்ற பழுப்புக் கடற்பாசி குள்ளமாகிவிட்டது என்று நினைத்திருந்த ஒரு வடிவத்தை 2005-ல் ஃபியூகஸ் ரேடிகன்ஸ் என்று தனி இனமாகவே விவரித்தார்கள். அதனால் இடம் மாற்றி வளர்த்தோ மரபணுவைப் பார்த்தோதான் முடிவு சொல்ல வேண்டும். அப்புறம் நுரை, உங்கள் தாள்களில் எடுத்த இடம் எழுதியிருக்கிறதா?

நுரை:
இப்போதுதான் பார்த்தேன். ஒல்லியானதில் "நீரிணை, பலத்த ஓட்டம்". நெளிந்ததில் "ஒதுக்கமான குடா". இவ்வளவு நேரம் பெயரை மட்டுமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், மிக்க நன்றி.