என்ன செய்யிறீங்கள்: எப்பவுமா, இப்பவா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பதினொரு பேர், முக்கால்வாசி என்னைவிட மூத்தவர்கள். லண்டனில் இருக்கும் கணவரிடம் போகும் விசாவுக்காக ஏ1 என்கிற ஆரம்பநிலை ஆங்கிலப் பரீட்சைக்குப் போகிற பெண்கள், கண்ணிவெடி அகற்றும் வேலையை விட்டு வேறு வேலை தேடும் இரண்டு அக்காமார், கடைக்கார அண்ணை ஒருவர்.

அந்த ஏ1 பரீட்சையில் கேட்பதும் பேசுவதும்தான். ஒத்திகைக்காக ஒரு அக்காவை முன்னால் இருத்தி, "வட் டூ யூ டூ?" என்று கேட்டேன். அவர் தன்னைக் குனிந்து பார்த்தார், கதிரையைப் பார்த்தார், பிறகு சொன்னார்: "ஐ ஆம் சிட்டிங், ரீச்சர்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் "என்ன செய்யிறீங்கள்?" என்று ஊரில் கேட்டால் தொழிலைக் கேட்கிறார்களா, இந்த நிமிடத்தைக் கேட்கிறார்களா என்று ஆளையும் இடத்தையும் வைத்துத்தானே நாங்களே பிடிக்கிறோம்? 'செய்யிறன்' இரண்டுக்கும் போதும்.

அடுத்த கிழமை இன்னொன்று. தினமும் செய்வதை எழுதச் சொன்னேன். கொப்பி எல்லாவற்றிலும் "ஐ வில் கெட் அப் அட் ஃபைவ், ஐ வில் ட்ரிங்க் டீ". தினமும் நடப்பதற்கு ஆங்கிலத்தில் வெறும் "ஐ கெட் அப்" போதும் என்று எல்லா 'வில்'லையும் சிவப்பால் வெட்டினேன். கடைக்கார அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளை, நான் விடிய அஞ்சு மணிக்கு எழும்புவன், தேத்தண்ணி குடிப்பன், கடை திறப்பன். இதில என்ன பிழை?" அப்போதுதான் உறைத்தது. அன்றாட வழக்கத்தைச் சொல்ல நாங்கள் எதிர்காலத்தையும் எடுக்கிறோம். சூரியன் கிழக்கில் உதிக்கும், மாடு புல் தின்னும். அண்ணை சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார். எனக்குத்தான் என்னுடைய தமிழ் தெரியவில்லை.

அன்றோடு புத்தகத்தின் காலங்கள் அட்டவணையை மூடிவிட்டு, பலகையில் கோடு போட்டு ஒரு பக்கம் 'எப்பவும்', மறுபக்கம் 'இப்ப' என்று எழுதினேன். எப்பவும் பக்கத்துக்கு முறிகண்டி: த பஸ் ஸ்டொப்ஸ் அட் முறிகண்டி. ஏ9 வீதியில் போகிற எவருக்கும் விளக்கம் தேவையில்லை, பஸ் நிற்கும், பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குவோம். 'ஸ்டொப்ஸ்' என்பதன் கடைசியில் வரும் 'எஸ்' தவறிக்கொண்டேதான் இருந்தது. வாறன், வாறார், வாறா, வருகினம் என்று ஆளுக்கொரு விகுதி போடுகிற நாங்கள் அந்த ஒரேயொரு எஸ்ஸை மறப்பது வேடிக்கைதான்.

இப்ப பக்கத்துக்கு இரணைமடுக் குளம். குளம் நிரம்பினால் தே ஓப்பின் த கேட்ஸ். இந்த நேரம் திறந்துகொண்டிருந்தால் தே ஆர் ஓப்பினிங் த கேட்ஸ். கண்டாவளைப் பக்கத்து அக்கா ஒருவர், 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர், உடனே சொன்னார்: "ஓப்பின் எண்டா நான் வீட்டில இருக்கலாம். ஓப்பினிங் எண்டா மாட்டை அவிழ்க்க வேணும்." நான் ஒரு மணித்தியாலம் கத்தியதைவிட வகுப்புக்கு அது விளங்கியது.

இன்னும் ஒன்று மட்டும் சரிவரவில்லை. "ஐ ஹாவ் டூ சில்ட்ரன்" என்று வரவேண்டிய இடத்தில் "ஐ ஆம் ஹாவிங் டூ சில்ட்ரன்" என்பதை எப்படி நிறுத்துவது? வேறு யாராவது படிப்பித்திருந்தால் சொல்லுங்கள்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு பதில்:

ரீச்சர், எங்கட வகுப்பில ஒரு கடற்றொழிலாளி ஐயா 'இங்'கைக் கண்டுபிடித்த நாளிலிருந்து எல்லாவற்றிலும் ஒட்டினார். "ஐ ஆம் நோயிங் த சீ." நான் தமிழிலேயே திருப்பிக் கேட்டேன்: "ஐயா, கடலைத் தெரிஞ்சுகொண்டிருக்கிறன் எண்டு சொல்லுவீங்களோ?" அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். 'கொண்டிருக்கிறன்' ஒட்டாத இடத்தில் 'இங்'கும் வேண்டாம் என்று வைத்தோம். தெரியும், வேணும், பிடிக்கும் எல்லாம் அதில் அடங்கிவிடும். நீங்கள் கேட்ட அந்த 'டூ சில்ட்ரன்' பிள்ளைகளும் "இருந்துகொண்டிருக்கினம்" ஆக மாட்டினம், சொல்லிப் பாருங்கள். 'லிவ்' மாதிரிச் சிலதில் இது கவிழும்: "நான் இங்க இருக்கிறன்" என்பதற்கு ஐ ஆம் லிவிங் ஹியர் என்றும் வரும். அதை அந்த ஐயா கேட்டார். அடுத்த கிழமை சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.