பெரிய பாத்திரத்தில் சமைத்ததை ஆற வைப்பது: விடுதிச் சமையலறை அனுபவங்கள்

விருந்தினருக்கு வயிற்றுக் கோளாறு என்றதும் இறைச்சியையும் மீனையும்தான் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். பல நேரம் கோளாறு ஆற வைத்த விதத்தில் இருக்கும். 20 லிட்டர் சூப்பைப் பாத்திரத்தோடு குளிர் அறைக்குள் தள்ளிவிட்டால், ஓரம் ஜில்லென்று ஆகிவிடும். நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே கிடக்கும். கொதித்தும் சாகாத பாக்டீரியா ஸ்போர்கள் (விதை போல உறங்கிக் கிடக்கும் வடிவம்) முளைக்க அந்தச் சூடு போதும்.

பின்பற்ற வேண்டிய கணக்கு: 60 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள். முதல் கட்டம்தான் உயிர்நாடி, ஏனென்றால் கிருமிகள் வேகமாகப் பெருகும் சூடு அதற்குள் வருகிறது. 2 மணி நேரத்தில் 21-க்கு இறங்கவில்லையா, உடனே 74 டிகிரிக்குச் சூடாக்கி மறுபடி ஆற்றுங்கள். அதற்கும் நேரம் தாண்டிவிட்டால் கொட்டிவிடுங்கள், தயங்கவே வேண்டாம்.

அகலமான ஸ்டீல் தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆறும்வரை இறுக்கி மூடவும் கூடாது. கெட்டியான சூப் என்றால் ஒரு வழி உண்டு: தண்ணீரில் கால் பங்கைக் குறைத்துச் சமைத்து, கடைசியில் அந்த எடைக்குச் சுத்தமான ஐஸைப் போட்டுக் கிளறுங்கள். சூடு மளமளவென்று இறங்கும்.

—

சோற்றுக்கு இதைவிடக் கண்டிப்பு வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா சோற்றில் விடும் நஞ்சு ஒன்று சூட்டுக்கு அழியாது. வெளியில் மணிக்கணக்காகக் கிடந்த சோற்றை எவ்வளவு சுடவைத்தாலும் பிரயோஜனம் இல்லை. வடித்த கையோடு மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள்.

—

தெர்மாமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர் அறைக் கதவில் தெரியும் எண் காற்றின் சூடு மட்டுமே. கம்பியை உணவின் நடுவில் குத்திப் பாருங்கள். நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் அது 0 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சரிசெய்யும்வரை அதை நம்பாதீர்கள்.

தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுத்தட்டு ஆறாது, பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகிவிடும். தட்டுக்குத் தட்டு இரண்டு விரல் இடைவெளி விட்டு, சமைத்த தேதியோடு நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள்.

வெளியிடத்துக்குச் சூடாக அனுப்பும் உணவு போய்ச் சேரும்வரை 60-க்குக் கீழே இறங்கக் கூடாது. சூடு ஆறாமல் காக்கும் பெட்டியில் முதலில் கொதிநீர் ஊற்றி 15 நிமிடம் மூடி வைத்து, கொட்டிய பிறகு உணவை ஏற்றுங்கள். பெட்டி பாதி காலியாக இருந்தால் சூடு சீக்கிரம் போய்விடும், அதனால் அளவுக்கு ஏற்ற பெட்டியே எடுங்கள்.